பெட்ரோல் விலை ஏன் ஏறியது, பக்கத்துப் பகுதியில் ஏன் குறைவு: அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் முறை

கச்சா எண்ணெய் விலை இறங்கிய வாரத்திலேயே பெட்ரோல் பங்க்கில் விலை ஏறுவது உண்டு. ஒரே ஆலையிலிருந்து கிளம்பிய பெட்ரோல், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலைக்கும் அந்தப் பக்கம் வேறு விலைக்கும் விற்பதும் உண்டு. "எல்லாம் கொள்ளை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சில சமயம் அது பொய்யும் அல்ல. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த ஏற்றம் ஒரு வாரத்தில் அடங்குமா, மாதக்கணக்கில் நீடிக்குமா, வண்டி ஓட்டித் தொழில் செய்பவர் வாடகையை இப்போதே மாற்ற வேண்டுமா என்பதெல்லாம் விலையின் எந்த அடுக்கு அசைந்தது என்பதைப் பொறுத்தது.

அடுக்குகள் நான்கு: கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, கொண்டுவந்து விற்கும் செலவு, வரி. நான்கும் நான்கு வெவ்வேறு காரணங்களுக்காக, வெவ்வேறு வேகத்தில் நகரும். அவற்றைப் பிரிக்க ஒரு கால்குலேட்டரும் ஐந்து எண்களும் போதும்.

சேகரிக்க வேண்டியவை

1. பங்க் விலை. தேதி, ஆக்டேன் அளவு (என்ஜினில் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண்), எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்) சதவீதம் மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாத விலை ஒப்பிடுவதற்கு உதவாது.

2. கச்சா எண்ணெய் விலை, பீப்பாய்க்கு டாலரில். உலகின் பெரும்பகுதிக்கு, வட கடல் எண்ணெயை வைத்துத் தொடங்கிய பிரென்ட் விலை பொருந்தும். அமெரிக்காவுக்கு டபிள்யூ.டி.ஐ. (டெக்சாஸ் வகைக் கச்சா எண்ணெயின் விலை), பாரசீக வளைகுடாவிலிருந்து வாங்கும் ஆசிய நாடுகளுக்குத் துபாய், ஓமன் விலைகள்.

3. பெட்ரோலின் மொத்தச் சந்தை விலை. பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். கச்சா எண்ணெய்க்கு இருப்பது போலவே பெட்ரோலுக்கும் தனிச் சந்தை உண்டு: ஆசியாவுக்குச் சிங்கப்பூர், ஐரோப்பாவுக்கு ராட்டர்டாம், அமெரிக்காவுக்கு நியூயார்க் துறைமுகமும் மெக்சிகோ வளைகுடாக் கரையும். உங்கள் பகுதிக்கு எது அருகிலோ அதை எடுங்கள்.

4. உள்ளூர் நாணயத்தின் டாலர் மதிப்பு.

5. வரி. லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான வரி எவ்வளவு, விலையில் இத்தனை சதவீதம் என்ற வரி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

ஒருநாள் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சந்தை ஒரே நாளில் மூன்று, நான்கு சதவீதம் ஆடும். பங்கில் இன்று விற்பதோ சில நாட்களுக்கு முன் வாங்கிய சரக்கு. சந்தை விலைக்கு இரண்டு வாரச் சராசரி எடுத்தால் ஓரளவு பொருந்தும்.

கணக்கு

ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்கக் காலன், அதாவது 159 லிட்டர். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு 0.63 சென்ட், காலனுக்கு 2.4 சென்ட். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிச் செய்திகளை நீங்களே சரிபார்க்கலாம். பீப்பாய்க்கு 10 டாலர் ஏறியது, ஆகவே லிட்டருக்கு 20 சென்ட் ஏற்றினோம் என்று யாராவது சொன்னால், அதில் கச்சா எண்ணெயின் பங்கு 6.3 சென்ட்தான். மீதிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கச்சா எண்ணெய் 80 டாலர். 159ஆல் வகுத்தால் லிட்டருக்கு 50.3 சென்ட். பெட்ரோல் மொத்த விலை காலனுக்கு 2.25 டாலர், 3.785ஆல் வகுத்தால் லிட்டருக்கு 59.4 சென்ட். இரண்டுக்கும் இடையே உள்ள 9.1 சென்ட் சுத்திகரிப்பு அடுக்கு. பங்க் விலையை டாலருக்கு மாற்றினால் 140 சென்ட், அதில் வரி 65 என்று வைத்துக்கொள்வோம். 140இலிருந்து 65ஐயும் 59.4ஐயும் கழித்தால் 15.6 சென்ட் மிஞ்சும். போக்குவரத்து, கிடங்கு, எத்தனால் கலப்பு, நிறுவன லாபம், டீலர் கமிஷன் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

159ஆல் வகுப்பது விலைகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வழி மட்டுமே. ஒரு பீப்பாயிலிருந்து 159 லிட்டர் பெட்ரோல் வராது. பெட்ரோலுக்காகவே வடிவமைத்த அமெரிக்க ஆலைகளில்கூட 42 காலனுக்கு 19, 20 காலன்தான் பெட்ரோல். மற்றது டீசல், விமான எரிபொருள், எரிவாயு, தார் என்று பிரியும். அதனால் ஆலையின் வரவைத் துல்லியமாகப் பார்க்க விரும்பினால் 3-2-1 கணக்கைப் போடுங்கள்: மூன்று பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து இரண்டு பீப்பாய் பெட்ரோல், ஒரு பீப்பாய் டீசல் வருவதாகக் கொள்வது. பெட்ரோல் காலன் 2.40, டீசல் 2.60, கச்சா 80 என்றால், பீப்பாய்க்கு முறையே 100.8, 109.2. இரண்டு பெட்ரோலும் ஒரு டீசலும் சேர்ந்து 310.8, மூன்று பீப்பாய் கச்சா 240. மிச்சம் 70.8, மூன்றால் வகுத்தால் பீப்பாய்க்கு 23.6 டாலர். தொழிலில் இதைக் கிராக் ஸ்பிரெட் என்பார்கள். இது வழக்கத்தைவிட விரிந்தால் தட்டுப்பாடு ஆலைகளில். எண்ணெய்க் கிணறுகளில் இல்லை.

எந்த அடுக்கு அசைந்தது?

இப்போது இரண்டு தேதிகளை எடுத்து, ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

கச்சா எண்ணெயும் பெட்ரோல் மொத்த விலையும் ஏறத்தாழ ஒரே அளவு ஏறியிருந்தால் காரணம் கச்சா எண்ணெய். அப்படியானால் உலகம் முழுக்க ஏறியிருக்கும். பக்கத்துப் பகுதிக்குப் போய் நிரப்பிப் பயனில்லை. ஆனால் ஏற்றம் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய்ப் பதப்படுத்தும் நிலையம் தாக்கப்பட்டது. அடுத்த வர்த்தக நாளில் பிரென்ட் 15 சதவீதம் அளவுக்குத் தாவியது. உற்பத்தி வேகமாகச் சீரானதால் மாத இறுதிக்குள் விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பயத்தால் ஏறிய விலைக்கும் உண்மையில் சரக்குக் குறைந்ததால் ஏறிய விலைக்கும் உள்ள வேறுபாடு இது. பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல்கள் வெளியேறும் ஹார்முஸ் நீரிணை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் சந்தை துள்ளுவதற்குக் காரணம், உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் அந்த வழியே போய்க்கொண்டிருந்ததுதான். கப்பல்கள் உண்மையிலேயே நின்றனவா என்று பார்த்த பிறகே அந்த ஏற்றத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கச்சா எண்ணெய் அசையவில்லை, பெட்ரோல் மொத்த விலை மட்டும் ஏறியது என்றால் ஆலைகளைப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயல் டெக்சாஸ் கரையைத் தாக்கியபோது அமெரிக்கச் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நின்றது. டபிள்யூ.டி.ஐ. இறங்கியது, பெட்ரோல் ஏறியது. முரண்பாடு போலத் தெரியும். ஆனால் ஆலை மூடினால் கச்சா எண்ணெய் வாங்க ஆளில்லை, பெட்ரோல் விற்கச் சரக்கில்லை. இரண்டும் எதிரெதிராகப் போவதுதான் முறை. இவ்வகை ஏற்றம் ஆலை திரும்பத் தொடங்கும்வரை நீடிக்கும். வெள்ளத்தால் நின்ற ஆலைக்கு வாரங்கள். வெடி விபத்தால் நின்றதற்கு மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கலிபோர்னியாவின் டோரன்ஸ் ஆலையில் 2015 பிப்ரவரியில் வெடிப்பு நிகழ்ந்தது. முழு உற்பத்தி திரும்பியது 2016இல்.

டாலரில் எதுவும் ஏறவில்லை, உள்ளூர் நாணயத்தில் மட்டும் ஏறியது என்றால் செலாவணி மதிப்பையும் வரியையும் பாருங்கள். செலாவணியின் வேலையை ஐரோப்பாவை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலர் வரை போனது. அப்போது ஒரு யூரோ சுமார் 1.58 டாலர், ஆகவே பீப்பாய் சுமார் 93 யூரோ. 2022 மார்ச் தொடக்கத்தில் பிரென்ட் 128 டாலரில் முடிந்த நாளில் யூரோ சுமார் 1.09 டாலர், பீப்பாய் 117 யூரோ. டாலரில் மலிவு, யூரோவில் கால் பங்கு அதிகம். "2008இல் எண்ணெய் இதைவிட விலை அதிகம், அப்போது பெட்ரோல் குறைவாகத்தானே இருந்தது" என்று பரவும் படங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்கு விடுபட்டிருக்கும்.

கடைசி வகை: மொத்த விலை இறங்கிவிட்டது, வரியும் மாறவில்லை, பங்க் விலை மட்டும் இறங்காமல் நிற்கிறது. அது விற்பனை அடுக்கு. கீழே தனியாகப் பார்ப்போம்.

வரி: அளவைவிட வடிவம் முக்கியம்

இரு பகுதிகளுக்கு இடையே நிரந்தரமாக இருக்கும் விலை வேறுபாட்டில் பெரும்பங்கு வரிதான். அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் காலனுக்கு 18.4 சென்ட், லிட்டருக்கு 5 சென்ட்கூட இல்லை. அதன் மேல் மாநில வரிகள் வரும். ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த குறைந்தபட்சக் கலால் வரியே லிட்டருக்கு 35.9 யூரோ சென்ட். பெரும்பாலான உறுப்பு நாடுகள் அதற்கும் மேலே வைத்து, மொத்தத்தின் மீது மதிப்புக் கூட்டு வரியும் போடுகின்றன. எண்ணெய் விளையும் நாட்டில் பெட்ரோல் மலிவாக இருக்கும் என்பதும் விதியல்ல. நார்வே பெரிய ஏற்றுமதியாளர். அங்கே பங்க் விலை உலகின் உயர்ந்தவற்றுள் ஒன்று. நைஜீரியா கச்சா எண்ணெயை விற்றுவிட்டுப் பல ஆண்டுகள் பெட்ரோலை இறக்குமதி செய்தது. 2023 மே இறுதியில் மானியத்தை நிறுத்தியதும் விலை ஏறத்தாழ மூன்று மடங்கானது.

வரியின் அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள வரியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அடக்க விலை 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் லிட்டருக்கு நிலையாக 40 வரி, விலை 90. இரண்டாம் பகுதியில் அடக்க விலையில் 80 சதவீதம் வரி, அங்கும் 90. இன்று வேறுபாடு ஏதுமில்லை. அடக்கம் 60 ஆனால் முதல் பகுதி 100, இரண்டாவது 108. அடக்கம் 40க்கு இறங்கினால் முதல் பகுதி 80, இரண்டாவது 72. எந்த அரசும் எதையும் மாற்றாமலே இரு பகுதிகளுக்கும் இடையே 8 முளைத்துவிடுகிறது. சந்தை இறங்கும்போது அதே 8 எதிர்ப்பக்கம் திரும்புகிறது. "அங்கே இப்போது ரொம்ப அதிகம்" என்பதில் "இப்போது" என்ற சொல்லுக்குப் பல நேரம் இதுவே காரணம்.

வரிக்கு மேல் வரியையும் கவனியுங்கள். பிரிட்டனில் கலால் வரியையும் சேர்த்த தொகையின் மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி வருகிறது. எனவே கலால் ஒரு பென்னி ஏறினால் பங்கில் 1.2 பென்னி ஏறும். 2022 மார்ச்சில் அங்கே கலாலை 57.95இலிருந்து 52.95 பென்னியாகக் குறைத்தபோது, முழுக் குறைப்பும் வாடிக்கையாளருக்கு வந்திருந்தால் 6 பென்னி இறங்கியிருக்க வேண்டும். வரிக்குறைப்பு அறிவிப்பு வரும்போது உங்கள் பகுதியிலும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வந்து சேர்ந்தது, எவ்வளவு வழியில் நின்றது என்பது தெரிந்துவிடும்.

வரி அதிகமுள்ள இடத்தில் விலை உயரத்தில் இருக்கும், ஆனால் ஆட்டம் குறைவு. பீப்பாய் 10 டாலர் ஏறினால் லிட்டருக்கு 6.3 சென்ட், 90 சென்டுக்கு விற்கும் இடத்தில் அது 7 சதவீதம், 190 சென்டுக்கு விற்கும் இடத்தில் மூன்றே சொச்சம். கச்சா எண்ணெய் பாதியாகியும் பெட்ரோல் ஏன் பாதியாகவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதே கணக்கில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூ.டி.ஐ. மைனஸ் 37.63 டாலரில் முடிந்தபோதும் யாரும் பெட்ரோலை இலவசமாகத் தரவில்லை. அன்று எதிர்மறையானது, மே மாதத்தில் சரக்கை எடுத்துக்கொள்வதற்கான, காலாவதியாகவிருந்த ஒப்பந்தம் மட்டும். அந்தச் சரக்கை ஒப்படைக்கும் இடமான ஓக்லஹோமாவின் குஷிங்கில் அதை வாங்கி வைக்க இடமில்லாமல் தவித்தவர்கள் காசு கொடுத்துக் கைகழுவினார்கள். அதே நாட்களில் பிரென்ட் எதிர்மறைக்குப் போகவே இல்லை. இறக்கத்தை அரசுகளும் பயன்படுத்திக்கொண்டன: 2020 மே தொடக்கத்தில் இந்தியா பெட்ரோல் மீதான கலாலை ஒரே அறிவிப்பில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றியது. பங்க் விலை அசையவில்லை, உள்ளே அடுக்குகள் மட்டும் இடம் மாறின.

இடம்: வாங்கும் பகுதியா, விற்கும் பகுதியா?

வரியைக் கழித்த பிறகும் இரு பகுதிகளுக்கு இடையே வேறுபாடு இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல. சரக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை.

சந்தை மையத்தில் பெட்ரோல் 60 சென்ட், அங்கே அனுப்பவோ அங்கிருந்து கொண்டுவரவோ கப்பல் வாடகை லிட்டருக்கு 3 சென்ட் என்று கொள்வோம். தன் தேவைக்கு மேல் பெட்ரோல் உற்பத்தி செய்யும் பகுதி, உபரியை மையத்துக்கு அனுப்பி 60 பெறும், 3 செலவழிக்கும். ஆகவே உள்ளூரில் 57 கிடைத்தால் போதும். பற்றாக்குறைப் பகுதி மையத்திலிருந்து 60க்கு வாங்கி 3 கொடுத்துக் கொண்டுவரும்; அங்கே 63. ஒரே தூரம், 6 சென்ட் வேறுபாடு. இனி, உபரிப் பகுதியின் ஒரு பெரிய ஆலை நின்று, அது வாங்கும் பகுதியாக மாறினால்? மையத்தில் ஒரு சென்டும் ஏறாமலே உள்ளூர் விலை 57இலிருந்து 63க்குத் தாவும். அதற்கு மேல் ஏறினால், கப்பல் வந்து சேரும்வரை உள்ள அவசர விலை அது. உங்கள் பகுதிக்கு வழக்கமாக எங்கிருந்து சரக்கு வருகிறது என்று ஒருமுறை தெரிந்து வைத்துக்கொண்டால் பாதித் திடீர் ஏற்றங்கள் புதிராக இருக்காது.

செலவைப் பொறுத்தவரை கப்பலும் குழாயும் மலிவு, ரயில் அடுத்தது, டேங்கர் லாரி மிக அதிகம். துறைமுகத்துக்கோ குழாய் முனையத்துக்கோ அருகில் உள்ள ஊர் மலிவாக இருப்பதும், கடைசி இருநூறு முந்நூறு கிலோமீட்டர் லாரியில் ஏறிவரும் மலைப்பகுதி விலை உயர்ந்திருப்பதும் இதனால். சட்டமும் வரைபடத்தை மாற்றும். அமெரிக்காவின் 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டப்படி இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக, அமெரிக்க மாலுமிகள் ஓட்டுவதாக இருக்க வேண்டும். அத்தகைய கப்பல்கள் குறைவு, வாடகை அதிகம். எனவே டெக்சாஸில் உபரி இருந்தும் நாட்டின் வடகிழக்குக் கரை ஐரோப்பாவிலிருந்து பெட்ரோல் இறக்குவது சில நேரம் லாபமாகிவிடுகிறது.

தனிமைப்பட்ட சந்தைக்குச் சரியான உதாரணம் கலிபோர்னியா. நாட்டின் பெரிய ஆலைகள் இருக்கும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து அங்கே நேரடிக் குழாய் இல்லை. அதோடு மாநிலத்துக்கென்றே தனித் தரம். வேறு மாநிலத்துப் பெட்ரோலை அப்படியே கொண்டுவந்து ஊற்ற முடியாது. ஓர் ஆலை நின்றால், அந்தத் தரத்தில் தயாரிக்கக்கூடிய வெளி ஆலையைத் தேடி, சரக்கை ஆசியாவிலிருந்து கப்பலில் வரவழைக்க வாரங்கள் ஆகும். டோரன்ஸ் வெடிப்புக்குப் பின் மற்ற மாநிலங்களோடு அதன் விலை வெகுவாக விலகியது இப்படித்தான்.

குழாய் இருப்பதிலும் ஆபத்து உண்டு: எல்லோரும் அதையே நம்பியிருப்பார்கள். ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் பகுதி வரை 8,800 கிலோமீட்டர் நீளும் கொலோனியல் குழாய் அமைப்பு கிழக்குக் கரை எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுபோகிறது. அதில் சரக்கு மனிதன் நடக்கும் வேகத்தில்தான் நகரும். முனையிலிருந்து முனைக்குப் பதினெட்டு நாள் அளவில் ஆகும். 2021 மே 7 அன்று இணையத் தாக்குதலால் அதை நிறுத்தினார்கள், 12ஆம் தேதி திரும்பத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் நிறையப் பங்க்குகளில் பெட்ரோல் தீர்ந்தது. ஐந்து நாள் நிறுத்தத்துக்கு இவ்வளவு பங்க்குகள் வறண்டிருக்க வேண்டியதில்லை; வறண்டதற்குப் பதற்றத்தில் வாங்கியதும் ஒரு காரணம். ஒரு பங்கின் வாடிக்கையாளர்களில் ஆயிரம் பேர் பாதி டேங்கோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் இரண்டே நாளில் வந்து ஆளுக்கு 20 லிட்டர் ஊற்றிக்கொண்டால் 20,000 லிட்டர். ஒரு பெரிய டேங்கர் லாரி 30,000 லிட்டர் சொச்சம்தான் கொண்டுவரும். லாரிகளும் ஓட்டுநர்களும் வழக்கமான தேவைக்கு ஏற்பத்தான் இருக்கிறார்கள். கிடங்கில் சரக்கு இருந்தும் பங்கில் இருக்காது.

பருவமும் கலவையும்

குளிர்நாடுகளில் வசந்த காலத்தில் எந்தச் செய்தியும் இல்லாமல் பெட்ரோல் ஏறும். காரணம் பெட்ரோலில் கலக்கும் ப்யூட்டேன் என்ற வாயு. மலிவானது, ஆக்டேனும் நன்றாக உள்ளது, ஆனால் எளிதில் ஆவியாகும். குளிர்காலத்தில் என்ஜின் எளிதாகத் தொடங்க ஆவியாகும் தன்மை தேவை, எனவே ஆலைகள் தாராளமாகக் கலக்கின்றன. கோடையில் அதே ஆவி வெயிலில் புகைமூட்டமாக மாறும் என்பதால் ஆவியழுத்தத்துக்கு உச்சவரம்பு: ஐரோப்பாவில் கோடைக்கு 60 கிலோபாஸ்கல், குளிர் மிகுந்த வட நாடுகளுக்கு 70, அமெரிக்காவின் பல பகுதிகளில் 9 பிஎஸ்ஐ (62 கிலோபாஸ்கல்), மாசு அதிகமுள்ள சில பகுதிகளில் 7.8. ப்யூட்டேனின் ஆவியழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல். வரம்புக்குள் வர அதை வெளியே எடுத்து, விலை உயர்ந்த வேறு கூறுகளைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் கிடங்குகள் மே 1க்குள்ளும் பங்க்குகள் ஜூன் 1க்குள்ளும் கோடைத் தரத்துக்கு மாறியாக வேண்டும். பழைய சரக்கைத் தீர்க்கும் அவசரம், ஆலைகளின் வசந்த காலப் பராமரிப்பு, விடுமுறைப் பயணத் தேவை மூன்றும் ஒரே சமயத்தில் விழும். இந்த ஏற்றத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. செப்டம்பர் 15க்குப் பிறகு குளிர்காலக் கலவை திரும்பும்போது பெரும்பாலும் தணியும்.

எத்தனால் விஷயத்தில் லிட்டர் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. பத்து சதவீதம் கலந்த பெட்ரோலில் ஆற்றல் 3.4 சதவீதம் குறைவு. இருபது சதவீதம் என்றால் ஏறத்தாழ 7. ஆகவே கலப்பில்லாத பெட்ரோல் 100க்கும் பத்து சதவீதக் கலவை 97க்கும் விற்றால், கலவை மலிவே அல்ல. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் நெடுந்தூரக் குழாயில் பொதுவாக அனுப்புவதில்லை; லாரியிலோ ரயிலிலோ கிடங்குக்குக் கொண்டுவந்து அங்கேதான் கலக்கிறார்கள். எத்தனால் ஆலைகள் பக்கத்தில் இருக்கும் பகுதிக்கு இதில் கொஞ்சம் சாதகம்.

ஆக்டேனிலும் ஒரு பொறி. அமெரிக்கப் பங்கில் எழுதியிருக்கும் 87உம் ஐரோப்பியப் பங்கின் 95உம் வெவ்வேறு அளவுகோல்கள். ஐரோப்பிய 95 அமெரிக்கக் கணக்கில் 90, 91 அளவில் வரும். எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் இரண்டு வெவ்வேறு சரக்குகளை ஒப்பிடுகிறீர்கள்.

பங்க் அடுக்கு: ஏறும்போது வேகம், இறங்கும்போது தயக்கம்

மொத்த விலை ஏறினால் பங்க் விலை இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் ஏறிவிடும். இறங்கும்போது அதைவிட நாளாகும். பல நாடுகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்த நடத்தை இது. கூட்டுச் சதி இல்லாமலும் இது நடக்கும். டீலர் அடுத்த லாரியை வாங்கக் காசு வேண்டும். ஆகவே தொட்டியில் இருக்கும் பழைய சரக்குக்கும் புதிய விலையைப் போடுகிறார். இறங்கும்போது அந்த அவசரம் இல்லை. பக்கத்துப் பங்க் குறைக்கும்வரை காத்திருக்கலாம். வாடிக்கையாளரும், விலை ஏறும்போது நான்கு பங்க் பார்ப்பவர், இறங்கும்போது "பரவாயில்லை, குறைந்திருக்கிறதே" என்று முதல் பங்க்கிலேயே நிறுத்திவிடுகிறார். இந்தப் பழக்கம்தான் பங்க்குக்கு லாபம். விலை தேடுவதற்கு மிகப் பயனுள்ள நேரம் சந்தை இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்கள்தான்.

விலையை நிறுவனமோ அரசோ நிர்ணயிக்கும் இடங்களில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். இந்தியாவில் 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை மாற்றம் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது; ஆனாலும் 2021 நவம்பர் தொடக்கம் முதல் 2022 மார்ச் 22 வரை, கச்சா எண்ணெய் தாவிக்கொண்டிருந்தபோது, அடிப்படை விலை அப்படியே நின்றது. அப்படி நிறுத்திவைத்த விலை பின்னால் சிறு சிறு தவணையாக வந்தே தீரும். அந்தத் தவணை நாட்களில் சந்தை இறங்கிக்கொண்டிருந்தாலும் பங்க் விலை ஏறும்.

பெரிய எண்ணெய் நிறுவனத்தின் பெயர் தாங்கிய பங்க்குகளுக்கும் அப்படிப் பெயரில்லாத தனிப் பங்க்குகளுக்கும் உள்ள வேறுபாடு வேறொரு தடயம். வழக்கமான நாட்களில் கிடங்கில் தனிப் பங்க்குகளுக்கான மொத்த விலை சற்றுக் குறைவு. தட்டுப்பாடு வந்தால் ஒப்பந்தம் உள்ளவருக்கு முதலில் சரக்கு. ஒப்பந்தம் இல்லாதவர் மிச்சத்துக்கு அடித்துப்பிடித்து வாங்க வேண்டும், விலை தலைகீழாகும். உங்கள் பகுதியில் எப்போதும் மலிவாக இருக்கும் பெயரில்லாத பங்க் திடீரென மற்றவற்றைவிட அதிகம் விற்றாலோ "ஸ்டாக் இல்லை" பலகை மாட்டினாலோ, தட்டுப்பாடு உள்ளூர்க் கிடங்கில். பெரும்பாலும் உலகச் சந்தையைத் தேட வேண்டியதில்லை.

விலை மாறும் நேரத்துக்கே சட்டம் உள்ள இடங்களில் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் 2011இல் வந்த விதி, பங்க் ஒரு நாளில் ஒருமுறை, நண்பகல் 12 மணிக்கு மட்டுமே ஏற்றலாம், குறைப்பது எந்நேரமும் என்றது. ஆகவே மலிவு நேரம் நண்பகலுக்குச் சற்று முன். மேற்கு ஆஸ்திரேலியாவில் மறுநாள் விலையை முன்தினம் பிற்பகல் 2 மணிக்குள் அரசுக்குத் தெரிவித்து, காலை 6 முதல் 24 மணி நேரம் அதையே வைத்திருக்க வேண்டும்; மாலையில் நாளைய விலையைப் பார்த்துவிட்டு இன்றா நாளையா என்று முடிவு செய்யலாம்.

இரண்டு பகுதிகளை ஒப்பிடும் வரிசை

முதலில் இரண்டு விலைகளையும் ஒரே நாணயம், ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546; இங்கே தவறினால் 20 சதவீதம் பிசகும். அடுத்து ஆக்டேன், எத்தனால் வேறுபாட்டைச் சரிசெய்யுங்கள். பிறகு வரியைக் கழியுங்கள். சதவீத வரியைக் கழிக்கும்போது கவனம்: 20 சதவீத வரி சேர்ந்த 120இலிருந்து 20 சதவீதம் கழித்தால் 96 வரும், அது தவறு, 1.2ஆல் வகுத்து 100 என்று எடுக்க வேண்டும். கடைசியாக மொத்தத்தின் மேல் வரும் சதவீத வரியை முதலில் வகுத்து எடுத்துவிட்டு, அதன் பிறகே நிலையான கலாலைக் கழிக்க வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறும்.

வரி போன பின் மிஞ்சும் வேறுபாடு லிட்டருக்கு இரண்டு, மூன்று சென்டுக்குள் இருந்தால் போக்குவரத்தும் போட்டியும் அதற்குப் போதுமான விளக்கம். ஐந்து, ஆறு சென்ட் என்றால் ஒன்று வாங்கும் பகுதி, மற்றது விற்கும் பகுதி. அல்லது தரம் வேறு. பத்துக்கு மேல் போய் மாதக்கணக்கில் நிற்கிறது, ஆலைக் கோளாறும் இல்லை, மானியமும் இல்லை என்றால் போட்டி இல்லாத சந்தை என்று சந்தேகிக்கலாம். அப்போதும் அருகிலுள்ள கிடங்கின் மொத்த விலையைப் பார்த்து, லாபம் கிடங்குக்கு முன்னால் சேர்கிறதா பங்கில் சேர்கிறதா என்று பிரித்த பிறகே குற்றம் சாட்ட வேண்டும். பெரும்பாலான புகார்கள் டீலர் மேல் விழுகின்றன; கமிஷன் நிலையாக உள்ள நாடுகளில் அவர் கையில் விலையே இல்லை.

மலிவுப் பகுதிக்குப் போய் நிரப்பலாமா என்பதற்குக் கணக்கு இது: கூடுதலாக ஓட்டும் கிலோமீட்டரை மைலேஜால் வகுத்து, லிட்டர் விலையால் பெருக்குங்கள். அது, நிரப்பும் லிட்டரை விலை வேறுபாட்டால் பெருக்கினால் வருவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். லிட்டர் 100, வேறுபாடு 4, நிரப்புவது 35 லிட்டர் என்றால் மிச்சம் 140. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் போகவர 20 கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் 133 எரிந்துவிடும், கையில் 7. அந்த வழியாகப் போக வேறு வேலை இருந்தால் மட்டும் போங்கள்.